ஒரு பக்கக் காம்பில் ஆறாத புண்: மேமோகிராம், ஸ்கேன், எம்ஆர்ஐ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கும் வேலையில் இருக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்து அக்காமார்களும், கோயில் பணிக்கோ கம்பெனி வேலைக்கோ வந்த குடும்பங்களோடு தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடியேறிய பெண்களும் உடை மாற்றும் அறையில் தயங்கித் தயங்கிக் கேட்டவை இவை. மார்பகக் காம்பு என்ற சொல்லைச் சொல்லவே பலருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன, அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, படம் எடுப்பவள். படத்தைப் பார்த்து முடிவு எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். உங்களுக்கு என்ன செய்வது என்பதை உங்களை நேரில் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பேஜட் நோய் என்கிறார்களே, அது என்ன?

மார்பகப் புற்றுநோயில் ஓர் அரிய வகை. நூறு பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் அதில் ஒருவர் முதல் மூன்று பேர் வரைதான் இந்த வகை. இது முதலில் வெளியே தெரிவது காம்பின் தோலில். ஒரு பக்கக் காம்பு சிவக்கும், செதில் உதிரும், அரிக்கும், எரியும். பிறகு ஈரம் கசிந்து பொருக்குத் தட்டும். காலையில் உள்ளாடையைக் கழற்றும்போது துணி ஒட்டிக்கொண்டு வரும், சிலருக்கு அதில் இரத்தக் கறையும் இருக்கும். நாள் போகப்போகக் காம்பு தட்டையாகும், அல்லது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

1874இல் லண்டன் செயின்ட் பார்தலோமியு மருத்துவமனையின் சர்ஜன் ஜேம்ஸ் பேஜட் இதைப் பற்றி எழுதினார். காம்பில் இப்படிப் புண் வந்த சுமார் 15 பெண்களைக் கவனித்து வந்ததில், இரண்டு ஆண்டுக்குள் அவர்களுக்கு அதே மார்பகத்தின் உள்ளே புற்றுநோய் தெரிந்தது என்று பதிவு செய்தார். எக்ஸ்ரேயே 1895இல்தான் வந்தது. காத்திருந்து பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு வழி இருக்கிறது.

இணையத்தில் பேஜட் என்று தேடினால் எலும்பு நோய் ஒன்றும் வரும். அதையும் விவரித்தவர் இதே டாக்டர்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

இது எக்ஸிமாதானே? களிம்பு போட்டால் போய்விடாதா?

காம்பில் வரும் அரிப்பும் செதிலும் பெரும்பாலும் சாதாரணத் தோல் பிரச்சினைதான். அதனால் முதலில் களிம்பு கொடுக்கும் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. பொதுவாக எக்ஸிமா என்ற தோல் அழற்சி இரண்டு பக்கமும் வரும், காம்பைச் சுற்றிய கருவளையத்தில் தொடங்கும், ஸ்டீராய்டு களிம்புக்கு அடங்கும். பேஜட் ஒரு பக்கம் மட்டும், காம்பிலேயே தொடங்கி மெல்ல வெளியே பரவும்.

ஆனால் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு போட்டால் பேஜட் புண்ணும் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருக்கும். சிவப்பு குறையும், அரிப்பு நிற்கும், 'ஆறிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள். சில வாரத்தில் திரும்ப வரும். மறுபடியும் அதே களிம்பு, மறுபடியும் அதே கதை. நான் பார்த்தவர்களில் நோயை வளரவிட்டது பெரும்பாலும் இந்தச் சுற்றுதான். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் முழுதாக ஆறவில்லை, அல்லது ஆறித் திரும்ப வந்தது என்றால் இன்னொரு டியூப் வாங்காதீர்கள். டாக்டரிடம் போய், "பேஜட் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

புண் வெளியேதானே இருக்கிறது. உள்ளே எதற்குப் படம்?

இந்த நோயில் மிக முக்கியமான கேள்வியே இதுதான். காம்பில் பேஜட் உள்ளவர்களில் பத்தில் எட்டொன்பது பேருக்கு அதே மார்பகத்தின் உள்ளேயும் புற்றுநோய் இருக்கிறது. அது பால்குழாய்க்குள்ளேயே அடங்கி நிற்கும் ஆரம்ப நிலையாக இருக்கலாம், அதை டிசிஐஎஸ் என்பார்கள். அல்லது குழாய்ச் சுவரைத் தாண்டி வெளியே பரவத் தொடங்கியதாக இருக்கலாம். உள்ளே பால்குழாயில் உண்டான செல்கள் குழாய் வழியாகவே ஊர்ந்து காம்பின் தோலுக்கு வந்து சேர்கின்றன என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தோலிலேயே தோன்றி உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பவர்களும் உண்டு, ஆனால் குறைவு.

உள்ளே இருப்பது காம்புக்கு நேர் பின்னால்தான் இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. அக்குள் ஓரத்தில் இருக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலும் இருக்கலாம். கையால் தடவினால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி எதுவும் தட்டுப்படாது. அதனால் முழு மார்பகத்தையும், கூடவே மறுபக்கத்தையும் படம் பிடிக்கிறோம். காம்புத் தோலில் இருப்பது என்ன என்பதைப் பயாப்ஸி, அதாவது சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை, சொல்லும். உள்ளே எங்கே, எவ்வளவு தூரம் என்பதைப் படம் சொல்லும். ஒன்று செய்துவிட்டோம் என்று மற்றதை விட்டுவிட முடியாது.

மேமோகிராம் நார்மல் என்று வந்துவிட்டது. இனிக் கவலை இல்லையா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள். பேஜட் நோய் உள்ள பெண்களில் கணிசமானோருக்கு மேமோகிராம் முழுக்க நார்மலாகவே வரும். கட்டி தட்டுப்படாதவர்களிடம் இது இன்னும் அதிகம். அது மெஷின் பழுதும் அல்ல, எடுத்தவரின் தவறும் அல்ல. பால்குழாய்க்குள் இருக்கும் புற்றுநோயை மேமோகிராம் பெரும்பாலும் கண்டுபிடிப்பது அதில் படியும் சுண்ணாம்புத் துகள்களை வைத்துத்தான். துகள் படியாவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது. காம்புக்குப் பின்னால் குழாய்கள் நெருக்கமாகக் கூடும் இடம் இயல்பிலேயே வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். அதற்குள் ஒளிந்துகொள்வதும் எளிது. வயது குறைந்தவர்களுக்கு மார்பகம் முழுவதுமே அடர்த்தியாக இருக்கும்.

ஓர் அம்மா வந்தார். கையில் இருந்த கடிதத்தில் வழக்கமான பரிசோதனை என்று மட்டுமே எழுதியிருந்தது. மேலாடையைக் கழற்றியபோது இடது காம்பின் நுனி தேய்ந்து தட்டையாக இருந்தது, மேலே காய்ந்த களிம்பு, அதன் ஓரத்தில் ஈரமான சிவப்பு. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே இருக்கும்மா, பிரா உரசுது" என்றார். பார்த்ததைப் பரிசோதனைச் சீட்டில் எழுதி ரேடியாலஜிஸ்டிடம் சொன்னேன். மேமோகிராமில் ஒன்றும் இல்லை. அன்றே காம்பைச் சுற்றி அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை ஸ்கேன்) பார்த்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் அவர், படங்கள் இயல்பாக இருப்பதால் மட்டும் பேஜட் இல்லை என்று சொல்ல முடியாது, காம்புத் தோலில் பயாப்ஸி எடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதினார். பயாப்ஸியில் பேஜட் என்றே வந்தது. பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் (காந்த ஸ்கேன்) மார்பகத்தின் மேல் வெளிப்பகுதி வரை டிசிஐஎஸ் நீண்டிருந்தது தெரிந்தது. அந்த ஒரு வரியை ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டிருந்தால் நார்மல் என்ற தாளோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் படத்தில் ஒன்றுமில்லை, 2 என்றால் ஆபத்தில்லாத ஏதோ ஒன்று. அந்த எண் படத்துக்குத்தான். உங்கள் காம்பில் இருக்கும் புண்ணுக்கு அது பதில் சொல்லாது.

அப்படியானால் மேமோகிராமில் என்னதான் தெரியும்?

காம்பு, கருவளையத் தோலின் தடிப்பு. காம்பு உள்ளிழுத்திருப்பது. உள்ளே ஒரு கட்டி, அல்லது இரண்டு மார்பகமும் ஒரே மாதிரி இல்லாத ஓர் இடம். எல்லாவற்றையும்விட முக்கியமானது சுண்ணாம்புத் துகள்கள். மேசையில் உப்புத்தூள் சிந்தினது போல இருக்கும். ஆனால் அவை குழாயின் போக்கில் கோடாகவோ கிளையாகவோ காம்பை நோக்கி வரிசையாக நின்றால் சந்தேகம் வலுக்கும்.

வழக்கமாக ஒரு பக்கத்துக்கு இரண்டு கோணங்களில் எடுப்போம். காம்பில் குறை இருப்பது தெரிந்தால் காம்பு பக்கவாட்டில் துருத்தித் தெரியும்படி வைத்து, அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி இன்னொரு படம் எடுப்போம். காம்பு மடங்கி நின்றால் அதுவே கட்டி மாதிரி தெரியும், உண்மையான ஒன்றை மறைத்தும்விடும். "ஏன் மறுபடியும் மறுபடியும் எடுக்கிறீர்கள், ஏதாவது தெரிகிறதா?" என்று பலர் பதறுவார்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்.

டாக்டர் தரும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு பக்கக் காம்பில் புண், எந்தப் பக்கம், எத்தனை வாரமாக, என்ன களிம்பு போட்டது, பேஜட் சந்தேகம். இவ்வளவும் இருந்தால் அது நோயறியும் மேமோகிராமாகப் பதிவாகும், ரேடியாலஜிஸ்ட் அன்றே அல்ட்ராசவுண்டும் பார்ப்பார். வழக்கமான பரிசோதனை என்று மட்டும் இருந்தால் நான்கு படம் எடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. கடிதத்தில் இல்லாவிட்டால் நீங்களே எங்களிடம் சொல்லுங்கள், காட்டுங்கள். கூச்சம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் மேமோகிராம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஆண் டாக்டர் பார்க்கும்போது ஒரு பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

தாலியைக் கழற்ற வேண்டுமா?

ஆம், மேமோகிராமுக்கும் எம்ஆர்ஐக்கும் கழுத்திலும் மார்பிலும் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. மனசு கேட்காதவர்கள் வீட்டிலேயே தாலியைப் பூஜை அறையில் வைத்துவிட்டு, உலோகம் இல்லாத மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். ஆபரேஷனுக்குப் போகும் பெண்கள் காலம் காலமாகச் செய்வதுதான். எங்கள் அறையில் யாரும் அந்தக் கயிற்றைக் கழற்றச் சொன்னதில்லை, ஓரமாக ஒதுக்கிக்கொள்வோம்.

மார்பிலும் அக்குளிலும் பவுடர், டியோடரண்ட் வேண்டாம். அதில் உள்ள துகள்கள் படத்தில் சுண்ணாம்பு மாதிரியே விழும். திருநீறு, சந்தனம், மஞ்சள் எது பூசியிருந்தாலும் துடைத்துவிட்டு வாருங்கள். இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் ஸிங்க் கலந்த விளக்கெண்ணெய்க் களிம்பு இன்னும் மோசம், தோல் மடிப்பில் தங்கிப் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். காம்பில் அதைத்தான் பூசி வருகிறீர்கள் என்றால் முந்தைய நாளே நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கழுவுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள்.

புண் இருக்கும்போது அழுத்தினால் வலிக்குமே?

கொஞ்சம் வலிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அழுத்தம் சில வினாடிதான். புண்மேல் ஒரு மெல்லிய துணி வைக்கலாம், சொல்லுங்கள். அழுத்துவதால் நோய் பரவாது.

அல்ட்ராசவுண்ட் எதற்கு? மேமோகிராமைவிட அது மேலா?

மேலும் அல்ல, கீழும் அல்ல. மேமோகிராமில் தெரியாத கட்டியை, விரிந்த பால்குழாயை அது காட்டலாம். உள்ளே ஏதாவது தெரிந்தால் அதைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்திச் சதை எடுக்கவும் அதுதான் உதவும். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதையும் அதில்தான் பார்ப்பார்கள். காம்பு தானே ஒரு நிழல் விழச் செய்யும், பின்னால் இருப்பது மறையும். அதனால் ஜெல்லை நிறைய வைத்து, கருவியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் நேரம் எடுத்தால் நல்லதென்று நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புத் துகள்களைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்ட் மேமோகிராமுக்கு ஈடாகாது. "ரேடியேஷன் வேண்டாம், ஸ்கேன் மட்டும் போதும்" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். மேமோகிராமின் கதிர் அளவு மிகக் குறைவு.

எம்ஆர்ஐ எல்லோருக்கும் வேண்டுமா?

எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேஜட் நோயில் எம்ஆர்ஐக்குத் தனி இடம் உண்டு. பயாப்ஸியில் பேஜட் என்று உறுதியாகி, மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் வெறுமையாக இருந்தால், உள்ளே எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட அதுதான் சிறந்த கருவி. மார்பகத்தைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்ய முடியுமா என்று யோசிக்கும் சர்ஜனுக்கும் அந்தப் படம் தேவைப்படும்.

குப்புறப் படுக்க வேண்டும், மார்பகங்கள் இரண்டும் கீழே உள்ள குழிகளில் தொங்கும். கையில் ஊசி வழியாகக் கடோலினியம் என்ற மருந்து போகும். அரை மணி நேரம் போல அசையாமல் இருக்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பு தருவார்கள். ரேடியாலஜிஸ்ட் இரண்டு காம்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இயல்பான காம்புகள் இரண்டும் ஒரே மாதிரி, மெல்லிய கோடாக மருந்தை வாங்கும். பேஜட் உள்ள காம்பு தடித்து, ஒழுங்கில்லாமல் மினுங்கும். மாதவிடாய் வரும் பெண்களுக்கு, அவசரமில்லாவிட்டால், விலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் எடுத்தால் படம் தெளிவாக வரும். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பேஸ்மேக்கர், மூடிய இடத்தில் பயம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எம்ஆர்ஐக்கும் எல்லை உண்டு. புற்றுநோய் அல்லாததும் அதில் மினுங்கும், அதைச் சோதிக்க இன்னொரு பயாப்ஸி வரும். எம்ஆர்ஐ நார்மல் என்பதால் காம்புப் பயாப்ஸியைத் தவிர்க்கவும் கூடாது.

முதலில் படமா, பயாப்ஸியா?

முடிந்தால் படம் முதலில். பயாப்ஸி எடுத்த இடத்தில் வரும் வீக்கம் படத்தைக் குழப்பும். ஆனால் படத்துக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்காகும் என்றால் பயாப்ஸியைத் தள்ளிப்போடச் சம்மதிக்காதீர்கள்.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்று ஆயா சொல்கிறார்களே?

அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போவார்கள். கத்தி வைத்த பிறகு இறந்தவர்களைப் பார்த்து வந்த பயம் அது. காம்பில் செய்வது பஞ்ச் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத்தில் தோலை முழு ஆழத்துக்கும் எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஒரு தையல் போடுவார்கள். அதனால் நோய் பரவாது. மேலே சுரண்டி எடுத்த செதிலில் பேஜட் செல் தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் அதை நம்ப முடியாது, தோல் துண்டுதான் வேண்டும். எடுத்த திசுவில் ஹெர்2 என்ற புரதம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பேஜட்டில் பெரும்பாலும் இருக்கும், உள்ளே பரவும் வகைப் புற்றுநோய் இருந்தால் அதற்கான மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

மார்பகம் முழுவதையும் எடுத்துவிடுவார்களா?

படங்களின் உண்மையான பயன் தெரிவது இங்கேதான். நோய் காம்புக்குப் பின்னால் உள்ள சிறிய இடத்தோடு நிற்கிறது என்றால், காம்பையும் கருவளையத்தையும் அதன் பின்னால் உள்ள சதையையும் மட்டும் எடுத்து, பிறகு ரேடியேஷன் கொடுத்து மார்பகத்தைக் காப்பாற்றலாம். பல இடங்களில் இருந்தால் அல்லது பரப்பு பெரிதாக இருந்தால் முழுதாக எடுப்பதுதான் பாதுகாப்பு. பேஜட் என்ற பெயரைக் கேட்டதுமே எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எந்த நிலை என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருப்பதுதான், தோலில் இருக்கும் புண்ணின் அளவு அல்ல.

அரசு மருத்துவமனையில் எங்கே தொடங்குவது? மெடிக்கல் எய்ட் இருந்தால்?

அரசு வழியில் முதல் படி உங்கள் பகுதி கிளினிக். அங்கிருந்து கடிதம் வாங்கி, சாட்ஸ்வொர்த்காரர்கள் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸ்காரர்கள் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை என்று அடுத்த நிலைக்குப் போக வேண்டும். புற்றுநோய் உறுதியானால் ரேடியேஷன் போன்ற சிகிச்சைக்கு டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிரேய்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகள். வரிசை நீளமானது. 2017இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே குவாசுலு-நடாலின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பற்றாக்குறையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. அதனால் தேதி கொடுத்தார்கள் என்று வீட்டில் உட்காராமல் போன் செய்து கேளுங்கள். கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். புண் பெரிதானால் தேதிக்குக் காத்திராமல் திரும்பப் போய்க் காட்டுங்கள். இங்கிலீஷ் பேசத் தயங்குபவர்கள் கோயிலிலோ அக்கம்பக்கத்திலோ ஒரு பெண்ணைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீட்டில், குணப்படுத்தக்கூடிய மார்பகப் புற்றுநோய் சட்டப்படி கட்டாயம் ஈடுகட்ட வேண்டிய நோய்களில் ஒன்று. ஆனாலும் எம்ஆர்ஐக்கு முன் அனுமதி கேட்பார்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். மேமோகிராம் நார்மல், பயாப்ஸியில் பேஜட் என்ற காரணத்தை எழுதி டாக்டரிடம் கடிதம் வாங்கி மறுபடி அனுப்புங்கள்.

ஊரில் உள்ள டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதுமா?

போட்டோவைப் பார்த்து எக்ஸிமாவா பேஜட்டா என்று மதுரையில் இருப்பவரும் சொல்ல முடியாது, டர்பனில் இருப்பவரும் சொல்ல முடியாது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் படங்களின் டிஜிட்டல் நகலையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி அனுப்புங்கள். அடுத்த வருஷம் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பால் கொடுக்கும்போது வரும் வெடிப்பும் இதுதானா?

அநேகமாக இல்லை. அது குழந்தை பிடிக்கும் விதத்தைச் சரிசெய்தால் ஆறும். ஒரு பக்கம் மட்டும் ஆறாமல் நின்றால் காட்டுங்கள். பால் கொடுக்கும் காலத்திலும் அல்ட்ராசவுண்ட், மேமோகிராம் இரண்டும் எடுக்கலாம். மேமோகிராமுக்கு முன் பால் கொடுத்துவிட்டோ பீய்ச்சிவிட்டோ வந்தால் படம் தெளிவாக வரும்.

ஆண்களுக்கு வருமா?

மிக அரிதாக வரும். மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஆண்களுக்கும் எடுக்கலாம். உங்கள் வீட்டு ஆண் ஒருவருக்கு ஒரு பக்கக் காம்பில் பொருக்கு ஆறாமல் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், எங்கள் அறையில் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் படம் எடுக்க வேண்டுமா?

ஆம். காப்பாற்றப்பட்ட மார்பகத்துக்கும் மறுபக்கத்துக்கும் பொதுவாக வருடம் ஒருமுறை மேமோகிராம். ரேடியேஷன் முடிந்த பக்கத்தில் தோல் தடித்துத் தெரிவது இயல்பு, பழைய படங்களோடு ஒப்பிட்டால்தான் புதிதா பழையதா என்று சொல்ல முடியும். வேறு ஊருக்குக் குடிபோனாலும், வேறு ரேடியாலஜி நிலையத்துக்கு மாறினாலும் பழைய சிடியையும் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.